ஐந்நூறு ரூபாய்ச் சண்டை

என் கணவர் தலைமைக் காவலர். நான் பிறந்தது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், பட்டு நெசவாளி வீட்டில். ஒரு காலத்தில் எனக்கும் அவருக்கும் நடந்த சண்டைகளில் பாதி, 500 ரூபாய்ச் சண்டைதான்.

திடீரென்று ஒருநாள் சொல்வார், "எங்க பேட்ச்ல ஒருத்தர் தவறிட்டார். 500 ரூபாய் அனுப்பணும்."

ஒரே ஆண்டில் போலீஸ் வேலைக்குச் சேர்ந்தவர்களைத்தான் 'பேட்ச்' என்பார்கள். தமிழகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் அவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. யாராவது இறந்துவிட்டால் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, அந்தக் குடும்பத்திடம் கொடுப்பார்கள். பல பேட்ச்காரர்கள் இப்படிச் செய்வதை நீங்களும் செய்திகளில் பார்த்திருப்பீர்கள்.

"முகம் தெரியாதவங்களுக்கு எதுக்குங்க? அரசாங்கம் கொடுக்காதா?" என்பேன்.

"கொடுக்கும். ஃபைல் நகர்ற வரைக்கும் அந்த வீட்ல அடுப்பு எரியணும்ல?" என்பார்.

மற்ற அரசு ஊழியர்களைப் போல போலீஸ்காரர்கள் நினைத்தபடி சங்கம் வைத்துக்கொள்ள முடியாது. 1966-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதைக் கட்டுப்படுத்துகிறது. "எங்களுக்கு சங்கம், சொந்தம் எல்லாமே பேட்ச்தான்" என்பார். எனக்கோ மளிகைக் கடை பாக்கிதான் கண்முன்னே நிற்கும்.

2019 ஜூலை 1. வரதராஜப் பெருமாள் கோயிலில் 40 ஆண்டுகளுக்குப் பிறகு அத்திவரதர் தரிசனம் தொடங்கியது. 48 நாள் வைபவம். ஊருக்குள் கால் வைக்க இடமில்லை. பந்தோபஸ்துக்காக வெளிமாவட்டங்களிலிருந்து போலீஸார் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். மண்டபங்களில் தங்கியவர்களுக்குக் குளிப்பதற்கே வரிசை.

ஒருநாள் இரவு என் கணவர் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். எல்லாரும் பேட்ச்காரர்கள். "குளிச்சிட்டுப் போயிடுவாங்க" என்றார். முகம் வாடிக் கிடந்தவர்களைச் சும்மா அனுப்ப மனசு வருமா? இருந்த சாதத்தில் தயிரை ஊற்றிப் பிசைந்தேன். அதன்பிறகு தினமும் யாராவது வருவார்கள்.

அவர்களில் ஒருவர் தூத்துக்குடிக்காரர். என் பிள்ளைகளுக்கு 'தூத்துக்குடி மாமா'. ஷூவைக் கழற்றினால் பாதமெல்லாம் கொப்புளம். அம்மா வெந்நீரில் உப்பு போட்டுக் கொடுப்பார். ஒருநாள் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார், "காலையில இருந்து 'நகருங்க, நகருங்க'ன்னு எல்லாரையும் விரட்டுறேன் அண்ணி. இந்த வீட்லதான் என்னை ஒருத்தர் 'உட்காருங்க'ன்னு சொல்றாங்க."

2021 மே, கொரோனா இரண்டாம் அலை. என் கணவர் எதுவும் பேசாமல் போனை என்னிடம் நீட்டினார். தூத்துக்குடி மாமாவின் படம். மேலே 'கண்ணீர் அஞ்சலி'.

அன்று அவர் பணம் கேட்கவில்லை. சீட்டுக்கு வைத்திருந்த 2,000 ரூபாயை நானே எடுத்துக் கொடுத்தேன்.

ஊரடங்கு தளர்ந்த பிறகு, பேட்ச்காரர்கள் சேர்த்த தொகையைக் கொடுக்கப் போனார்கள். செங்கல்பட்டில் முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறி நானும் கூடவே போனேன். பெரும்பகுதியை மகள் பெயரில் டெபாசிட் செய்திருந்தார்கள். பத்திரத்தை வாங்கிக்கொண்ட அந்தப் பெண், எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"இதுல காஞ்சிபுரத்துக்காரங்க யாரு?"

நான் கையைத் தூக்கினேன். "உட்காருங்கன்னு சொன்ன அக்கா நீங்கதானா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு அழுகையைவிட வெட்கம்தான் அதிகம் வந்தது. இதற்கு முன்பு நான் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்த ஒவ்வொரு 500 ரூபாயும் இப்படி ஒரு வீட்டுக்குத்தானே போயிருக்கும்? என் வீட்டில் சாப்பிடவில்லை என்பதால் அவர்களெல்லாம் முகம் தெரியாதவர்களாகி விட்டார்களா?

ஊருக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் தறியை விட்டு எழாமலே பதில் சொன்னார்: "விடிகாலையில தெருவுல பாவு நீட்டும்போது பக்கத்து வீட்டுக்காரன் வந்து பிடிக்கிறானே, கூலியா கேக்கறான்? நாளைக்கு அவன் பாவுக்கு நாம போகணும். அவ்ளோதாம்மா."

போன மாதம் மறுபடியும் ஒரு மெசேஜ் வந்தது. பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. என் கணவர் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"எத்தனை குழந்தைங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பர்ஸை எடுக்க உள்ளே போனேன்.