மூனிக் மேசைகள்

சாலமன் கார்ட்டர் ஃபுல்லர். பிறந்தது லைபீரியா, 1872. தாத்தா வர்ஜீனியாவில் அடிமையாக இருந்து, காசு கொடுத்துத் தன்னை மீட்டுக்கொண்டவர்.

1897இல் பாஸ்டனில் மருத்துவப் பட்டம். பிறகு வெஸ்ட்பரோ மனநல மருத்துவமனை. பிரேதப் பரிசோதனை, மூளைச் சீவல், மைக்ராஸ்கோப்.

1904இல் மூனிக். அலோய்ஸ் அல்சைமரிடம்.

அல்சைமருக்கே அங்கே சில காலம் சம்பளம் கிடையாது. இறந்துபோன மனைவியின் சொத்தில் வாழ்ந்தார்.

சுருட்டு. ஒரு மாணவரிடம் வருவார், சுருட்டை மேசையில் வைத்துவிட்டு மைக்ராஸ்கோப்பில் குனிவார். அடுத்தவரிடம் போகும்போது மறந்துவிடுவார். சாயங்காலம் மேசைக்கு மேசை ஒரு துண்டு கிடக்குமாம். ஒவ்வொருவரிடமும் எத்தனை நேரம் நின்றிருப்பார்! எனக்கு இதை விட்டு நகரவே மனம் வரவில்லை.

வெள்ளி நைட்ரேட். மூளைச் சீவலை அதில் ஊறவைத்தால் நரம்பணுவுக்குள் ஓடும் இழைகள் கறுத்துத் தெரியும். பீல்ஷோவ்ஸ்கியின் முறை. அன்றைக்குப் புத்தம் புதியது.

அகஸ்டே டேட்டர். அல்சைமரின் நோயாளி. ஃபிராங்ஃபர்ட் மருத்துவமனையில் சேர்த்தபோது வயது 51. கணவர் பெயரைக் கேட்டால் தன் பெயரைச் சொன்னார்.

1906 ஏப்ரலில் இறந்தார். மூளை மூனிக்குக்கு வந்தது.

நவம்பரில் ட்யூபிங்கனில், மருத்துவர்கள் கூட்டத்தில், அல்சைமர் அதைப் பற்றிப் பேசினார். யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அதே மூளையை மறுபடி பார்த்து விரிவாக எழுதியவர் காயத்தானோ பெருசினி. இத்தாலிக்காரர். 1909. நான்கு நோயாளிகள், முதலாமவர் அகஸ்டே. முதல் உலகப்போரில் ராணுவ மருத்துவராகப் போய்க் காயம்பட்டு இறந்தார். 1915. வயது 36.

நிக்கோலாஸ் அச்சூகாரோ, ஸ்பெயின். அவரும் அல்சைமரின் மாணவர். 1918இல் நோயில் போனார். 37.

அல்சைமர் இறந்தது 1915 டிசம்பர். 51.

ஃபுல்லர், 1912. அல்சைமர் நோய் என்று அதுவரை அச்சில் வந்திருந்த நோயாளிகளை ஒரே கட்டுரையில் திரட்டினார். தான் பார்த்த ஒருவரையும் சேர்த்தார். அகஸ்டேவின் கதை ஆங்கிலத்துக்கு வந்தது அதில்தான். மூளையில் தெரிகிற திட்டுகள்தான் நோய்க்குக் காரணமா? அவருக்கு அப்போதே சந்தேகம். இன்றைக்கும் அந்த வழக்கு தீரவில்லை.

பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கற்பித்தார். வெள்ளை ஆசிரியர்களைவிடக் குறைந்த சம்பளம். நரம்பியல் துறையை நடத்தியவர் அவர்தான், தலைவர் என்ற பதவி மட்டும் இல்லை. 1933இல் அவருக்குக் கீழிருந்த வெள்ளையரைத் தலைவராக்கினார்கள். விலகிவிட்டார்.

அநியாயம். வேறு சொல் வேண்டாம்.

வீட்டில் தோட்டம், புத்தக பைண்டிங். மனைவி மீட்டா சிற்பி.

சர்க்கரை நோயில் கண் போனது. நோயாளிகளைப் பார்ப்பதை விடவில்லை. 1953 வரை வாழ்ந்தார்.

அதற்கு வெகு முன்பு, டஸ்கிகீயில் கறுப்பினப் போர்வீரர்களுக்கான மருத்துவமனை. அங்கே போகவிருந்த இளம் கறுப்பின மருத்துவர்களுக்குப் பாடம் எடுத்தார். சிபிலிஸ் மூளைக்கு ஏறினால் எப்படி இருக்கும், வேறு மனநோய் என்று தப்பாக எழுதிவிடாமல் எப்படிக் கண்டுபிடிப்பது.

அப்படிப் படித்தவர்கள்: ஜார்ஜ் பிராஞ்ச். டூசான் டில்டன். இப்போதைக்கு இந்த இரண்டு பெயர். மற்றவர்களையும் தேட வேண்டும்.