“விளங்கினதா?” “ஓம் சேர்!”

போன மாதம் ஒரு நாள், இரவு பத்து மணி இருக்கும். தங்கச்சி வீட்டிலிருந்து கோல் வந்தது.

“காக்கா, மகள் பின்னேரத்திலிருந்து அழுதுகொண்டே இருக்காள். சோறும் தின்னல்ல. ஒருக்கா வந்து கதைச்சுப் பாருங்க.”

மகள் என்பது என் மருமகள். தூரத்துக் கம்பஸ் ஒன்றில் முதலாம் வருடம் படிக்கிறாள். எங்கள் குடும்பத்தில் கம்பஸ் போன முதல் பெண் பிள்ளை. ஒரு கிழமை லீவில் வீட்டுக்கு வந்திருந்தாள். என்னவோ ஏதோ என்று பயந்துகொண்டு போனேன்.

விசயம் இதுதான். புள்ளிவிபரவியல் பாடத்தில் ஒரு ஒப்படை. ஞாயிறு நள்ளிரவுக்குள் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை பெட்ச் வட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி வந்திருக்கிறது: “டேட் கூட்டியாச்சாம், அடுத்த ஞாயிறுதானாம்.” கீழே வரிசையாகப் பெருவிரல் அடையாளங்கள். இவளும் நம்பிவிட்டாள். திங்கள் காலையில் பார்த்தால் ஒப்படை ஏற்றும் இடம் பூட்டிக் கிடக்கிறது. அந்தச் செய்தி வேறு ஒரு பாடத்தைப் பற்றியது. யாரோ பாதியைக் கேட்டு, யாரோ பாதியைச் சொல்லி, யாரோ குரூப்பில் போட்டுவிட்டார்கள்.

“யார் மகள் சொன்னது?”

“தெரியாது மாமா. குரூப்ல போட்டிருந்தாங்க.”

“நீ சேரிடம் கேட்டிருக்கலாமே?”

அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. விரிவுரையாளரிடம் கேட்பது என்ற ஒன்று இருப்பதே அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

அடுத்த நாள் சுபஹுக்குப் பிறகு அவளுடைய லெப்டொப்பைத் திறக்கச் சொன்னேன். எல்.எம்.எஸ். உள்ளே போனோம். தெரியாத பெற்றோருக்காகச் சொல்கிறேன்: எல்.எம்.எஸ். என்பது பல்கலைக்கழகத்தின் இணைய வகுப்பறை. பாடக் குறிப்பு, ஒப்படை, திகதி எல்லாம் அதில்தான் இருக்கும். நமது நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இது ‘மூடுல்’ என்ற இலவச மென்பொருளில் ஓடுகிறது. அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த மார்ட்டின் டூகியாமாஸ் என்பவர் 2002இல் வெளியிட்டது அது. 2020இல் கொரோனாவால் கம்பஸ்கள் மூடப்பட்டபோது, டேட்டா செலவில்லாமல் பிள்ளைகள் பாடம் பார்க்க வசதி செய்து கொடுத்தார்களே, அதுவும் இந்த இடத்துக்குள் போவதற்குத்தான்.

அந்தப் பாடத்தின் பக்கத்தில் திகதி தெளிவாகப் போட்டிருந்தது. அது மாறவே இல்லை. அதற்குக் கீழே கலந்துரையாடல் பகுதி என்று ஓரிடம் இருந்தது. விரிவுரையாளர் தவணை தொடங்கிய முதல் கிழமையே எழுதியிருக்கிறார்: ஒப்படை பற்றியோ பாடம் பற்றியோ சந்தேகம் இருந்தால் இங்கே கேளுங்கள், நான் பதில் தருகிறேன் என்று. மரியாதையான, அன்பான இரண்டு வரி.

பதில்கள்: 0.

200 பிள்ளைகளுக்கு மேல் உள்ள பெட்ச். இரண்டரை மாதம். ஒரு கேள்விகூட இல்லை. ஆனால் வட்ஸ்அப் குரூப்பில் அதே ஒப்படை பற்றி ஒரே இரவில் நூற்றுக்கணக்கான செய்திகள். “மூன்றாவது கேள்வி யாருக்காவது விளங்கினதா?” “எனக்கும் விளங்கல்ல.” “சீனியர் யாரிடமாவது கேளுங்கடா.” சிரிப்பு முகங்கள். ஒரு பிறந்தநாள் வாழ்த்து. பிறகு மீண்டும், “மூன்றாவது கேள்வி யாருக்காவது...”

பதில் தெரிந்த ஒரே மனிதர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே இருக்கிறார். 200 பேரும் வெளியே நின்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள்.

குரூப்பைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. போர்டிங் தேடுவதற்கும், பஸ் நேரம் கேட்பதற்கும், ஒரு பிள்ளைக்கு இரவில் காய்ச்சல் என்றால் ஓடிப் போவதற்கும் குரூப்தான் உதவுகிறது. ஆனால் பாடத்துக்கு அது நல்ல இடமில்லை. காலையில் கேட்ட கேள்வி மத்தியானத்துக்குள் செய்திகளுக்கு அடியில் புதைந்து போய்விடும். கலந்துரையாடல் பகுதியில் ஒவ்வொரு கேள்வியும் தனித் தலைப்பில் இருக்கும். பதில் அதற்குக் கீழேயே இருக்கும். ஒரு மாதம் கழித்துப் பரீட்சைக்குப் படிக்கும்போதும் அது அங்கேயே இருக்கும். கேட்காத பிள்ளையும் வாசித்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும்விட, அங்கே இருக்கும் பதில் யார் சொன்னது என்பது தெரியும்.

இன்னொன்று, பெண் பிள்ளைகளின் பெற்றோர் கவனிக்க வேண்டியது. வட்ஸ்அப் குரூப்பில் சேர்ந்தால் அவளுடைய போன் நம்பர் முகம் தெரியாத 200 பேரிடம் போகிறது. இரவில் தெரியாத நம்பரிலிருந்து ‘ஹாய்’ வருவது எங்கிருந்து என்று பிறகு யோசிக்கிறோம். கலந்துரையாடல் பகுதியில் கேள்வி கேட்க போன் நம்பர் தேவையில்லை. பெயர் போதும்.

சரி, இவ்வளவு நல்ல இடம் இருந்தும் ஏன் ஒருவரும் எழுதவில்லை? மருமகளிடம் கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்:

“இங்கிலீஸ்ல எழுதணும் மாமா. பிழையா எழுதினா ஸ்கிரீன்ஷொட் எடுத்து குரூப்ல போட்டுச் சிரிப்பாங்க. முழுப் பேரும் தெரியும். சேரும் நினைப்பாரு, இது கூடத் தெரியாம எப்படி கம்பஸுக்கு வந்த எண்டு. முதலாம் வருசம் இப்பிடிக் கேட்டா, பெரிய ஆளாகப் பாக்கிறா எண்டு சீனியர்ஸும் சொல்லுவாங்க.”

பகிடிவதையைத் தடை செய்ய 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் ‘வாயைத் திறக்காதே, தனித்துத் தெரியாதே’ என்று பிள்ளைகள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட பூட்டை எந்தச் சட்டத்தால் திறப்பது?

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரு விசயம் என்னை அரித்துக்கொண்டே வந்தது. இந்தப் பயம் கம்பஸில் முளைத்ததா? இல்லை. அது 13 வருடம் நம்முடைய வகுப்பறைகளில் வளர்ந்தது. அந்த வகுப்பறைகளில் ஒன்று என்னுடையது.

நான் கணிதம் படிப்பிப்பவன். 20 வருடத்துக்கு மேலாகிறது. பாடம் முடிந்ததும், “விளங்கினதா?” என்று கேட்பேன். 40 பிள்ளைகளும் ஒரே குரலில், “ஓம் சேர்!” என்பார்கள். அந்தச் சத்தத்தில் எனக்கு ஒரு திருப்தி. பரீட்சைத் தாள் திருத்தும்போதுதான் அந்த ‘ஓம்’ என்ன பெறுமதி என்று தெரியும்.

பல வருடங்களுக்கு முன்னால், தரம் 8 வகுப்பில் ஒரு மகன் கையை உயர்த்தினான். “சேர், மறை எண்ணை மறை எண்ணால் பெருக்கினா ஏன் நேர் எண் வருது?” என்று கேட்டான். எனக்கு அவசரம். பாடத்திட்டம் பின்தங்கியிருந்தது. “அது சட்டம்டா. வாய்க்குள்ள போட்டு மென்று கொண்டிருக்காம பாடமாக்கு” என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் உட்கார்ந்துகொண்டான்.

பிறகு அவன் என் வகுப்பில் கை உயர்த்தவே இல்லை. பின்னாளில் உயர்தரத்தில் கணிதப் பக்கம் போகவும் இல்லை. அது என் ஒரு வார்த்தையால்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவன் அன்று உட்கார்ந்த விதம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அந்தப் பிள்ளைகள்தான் பிறகு கம்பஸ் போகிறார்கள். ‘சந்தேகம் இருந்தால் கேளுங்கள்’ என்று அங்கே எழுதியிருப்பதைப் பார்த்தால், அவர்களுக்கு அது அழைப்பாகத் தெரியாது. பொறியாகத்தான் தெரியும்.

மருமகளின் கதைக்கு வருகிறேன். அன்று பின்னேரம் மீண்டும் போனேன். “புள்ளி போனது போனதுதான். அடுத்த ஒப்படையில் விளங்காத ஒன்றை இப்ப கேள்” என்றேன். மூன்று வரி எழுத அவளுக்கு ஒரு மணித்தியாலம் எடுத்தது. எழுதினாள், அழித்தாள், மீண்டும் எழுதினாள். “மாமா, இங்கிலீஸைத் திருத்தித் தாங்க” என்றாள். ஓரிடத்தில் இலக்கணப் பிழை இருந்தது. ஆனால் கேள்வி விளங்கியது. நான் தொடவில்லை. மூடுலில் வழக்கமாக எழுதிய பிறகும் 30 நிமிடம் திருத்துவதற்கு நேரம் கொடுப்பார்கள். அதைச் சொன்ன பிறகுதான் அவள் கை பட்டனுக்குப் போனது. அந்த 30 நிமிடத்தில் எத்தனை தடவை திறந்து பார்த்தாள் என்று எண்ணவில்லை.

அடுத்த நாள் இரவு விரிவுரையாளர் பதில் போட்டிருந்தார். நல்ல கேள்வி என்று தொடங்கி, ஒரு சிறிய உதாரணத்தோடு விளக்கம். கிழமை முடிவதற்குள் வேறு ஐந்து பேர் அதன் கீழே எழுதியிருந்தார்கள். ஒரு சிங்களப் பிள்ளை, தனக்கும் இதே சந்தேகம்தான், கேட்டதற்கு நன்றி என்று எழுதியிருந்தது. மருமகள் அதை எனக்கு அனுப்பி வைத்தாள். இலக்கணப் பிழையைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

இழந்த 15 புள்ளி திரும்பவில்லை. விரிவுரையாளருக்கு எழுதிப் பார்த்தாள். சிலருக்கு மட்டும் திறந்து கொடுக்க முடியாது என்றார். நியாயம்தான். எல்லா விரிவுரையாளரும் இவரைப் போல உடனே பதில் தருவார்கள் என்றும் சொல்ல மாட்டேன். கேள்வி கேட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். கேட்கச் சொன்னவர் திரும்பிப் பார்க்காவிட்டால் அந்த இடம் செத்துவிடும். ஆனால் 0 என்று இருக்கும் பக்கத்தைப் பார்த்துப் பார்த்து அவருக்கும் அலுத்திருக்கும் அல்லவா?

இந்த வருடம் கம்பஸ் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வாத்தியாராகச் சில வார்த்தை.

திகதி விசயத்தில் குரூப்பை நம்ப வேண்டாம். எத்தனை பேர் பெருவிரல் காட்டினாலும், விரிவுரையாளர் எழுதிய இடத்தில் போய்ப் பார்த்த பிறகு நம்புங்கள். கேள்விக்குத் தெளிவான தலைப்புப் போடுங்கள். ‘சேர், உதவி’ என்று போட்டால் யாருக்கும் விளங்காது. ‘ஒப்படை 2, மூன்றாவது கேள்வி’ என்று போட்டால் உங்களைப் போல் தவிக்கும் இன்னொரு பிள்ளையும் தேடி எடுக்கும். நீங்கள் எதுவரை செய்து பார்த்தீர்கள், எந்த இடத்தில் நின்றுவிட்டீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். சோம்பேறி என்று யாரும் நினைக்க மாட்டார்கள். உங்களுக்குப் பதில் தெரிந்த கேள்வியை வேறு பிள்ளை கேட்டிருந்தால், சிரிக்காமல் பதில் எழுதுங்கள். சொல்லிக் கொடுக்கும்போதுதான் நமக்கே சரியாக விளங்கும். இது என் அனுபவம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை வீட்டில் எதையாவது கேட்டால், “பெரியவங்க கதைக்கிற இடத்தில வாயை மூடு” என்று சொல்வதைக் கொஞ்சம் குறைப்போம்.

எனக்கும் ஒரு வார்த்தை. வகுப்பில் “விளங்கினதா?” என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு கொப்பி தொங்குகிறது. விளங்காததை யாரும் எழுதலாம். பெயர் போட விரும்பினால் போடலாம். அடுத்த நாள் அதே பக்கத்தில் பதில் எழுதி வைப்பேன். முதல் கிழமை வெறும் தாள். இரண்டாம் கிழமை ஒரு கேள்வி. யாருடைய கையெழுத்து என்று தெரியவில்லை. கேள்வி மட்டும் எனக்கு முன்பே தெரிந்தது.

“மறை தர மறை ஏன் நேர்?”

நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். பிறகு கீழே எழுதினேன். அன்று என்னிடம் கேட்ட அந்த மகன் இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரியாது. ஊர்க்காரர்கள் வாசிக்கும் பக்கம் இது, ஒருவேளை அவன் கண்ணிலும் படலாம். அதனால் அதே பதிலை இங்கேயும் போடுகிறேன்.

மகன், உன் கேள்வி நல்ல கேள்வி. (−2) ஐ 3 ஆல் பெருக்கினால் −6. 2 ஆல் பெருக்கினால் −4. 1 ஆல் பெருக்கினால் −2. 0 ஆல் பெருக்கினால் 0. ஒவ்வொரு படியிலும் விடை 2 கூடிக்கொண்டு போகிறது, பார். அடுத்த படி (−1). அங்கேயும் 2 கூட வேண்டும். ஆகவே விடை +2. வேறு எந்த எண் வந்தாலும் இந்த ஒழுங்கு முறிந்துவிடும்.

இவ்வளவுதான். ஐந்து நிமிடம்கூட எடுத்திருக்காது. பிந்திவிட்டது, மன்னித்துக்கொள்.