கொறங்காட்டுப் பூக்கள்

பஞ்சாங்கப்படி இளவேனில் சித்திரையில் பிறக்கிறது. கீரனூர் பக்கத்து மானாவாரி நிலத்துக்கு அது ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகே வருகிறது. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் மார்கழி வரை வரப்பும் கொறங்காடும் பூத்துக் கிடக்கும். கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரமும் நிற்கும் மேய்ச்சல் நிலத்துக்கு, மழை கொடுக்கும் சீர் இது.

அப்படி ஒரு மழை முடிந்த சமயம், அந்த ஊர் விவசாயி ஒருவர் வேலியோரத்தையும் வரப்பையும் 'சுத்தம்' செய்ய களைக்கொல்லி வாங்கி வைத்திருந்தார். கல்லூரியில் படிக்கும் மகள் விடுமுறைக்கு வந்தாள். பொழுதுபோக்காகச் செல்போனில் பூக்களைப் படமெடுக்க ஆரம்பித்தாள். விஷ்ணுகிராந்தியின் நீலப்பூ காலையில்தான் விரிந்திருக்கும், உச்சிவெயிலுக்குள் வாடிவிடும். துத்திப்பூவுக்கு மாலை வரை காத்திருக்க வேண்டும். வேலியில் ஏறிய கண்வலிக் கொடியில், பூ மஞ்சளாக விரிந்து நாளடைவில் முழுச் சிவப்பாக மாறுவதைத் தினமும் எடுத்தாள். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள் அதுதான்.

பெயர் தெரியாத பூக்களை அப்பத்தாவிடம் காட்டினாள். அப்பத்தா பெயரோடு பயனையும் சொன்னார். செப்புநெருஞ்சியை ஆடு விரும்பித் தின்னும். கொழுஞ்சி நல்ல தழையுரம். தும்பையில் தேனீ மொய்க்கும். கண்வலிக்கிழங்கு விஷம், குழந்தைகளை அண்டவிடக்கூடாது.

ராத்திரி படங்களைப் பார்த்த அப்பா, "இத்தனையும் நம்ம காட்டுலயா இருக்குது கண்ணு?" என்றார்.

"ஆமாங்கப்பா. மருந்தடிச்சா இதுல ஒண்ணும் மிஞ்சாதுங்க."

"புல்லும் போயிரும். அப்புறம் ஆட்டுக்கு எதைப் போடுவே?" என்றார் அப்பத்தா.

அவர் சொன்னது சரி. கிளைபோசேட் போன்ற மருந்துக்குக் களை எது, கொழுக்கட்டைப்புல் எது என்ற வேறுபாடு தெரியாது. பச்சையாக இருப்பதையெல்லாம் கருக்கிவிடும். முருங்கை பூக்காத மாதங்களில் தேனீக்களுக்கு இரை கொடுப்பவை இந்த வரப்புப் பூக்கள்தான். அவற்றை அழித்துவிட்டு, முருங்கையில் பூ உதிர்கிறது, காய் பிடிக்கவில்லை என்று வருந்திப் பயனில்லை.

மருந்து கேன் கடைக்கே திரும்பியது. ஆனால் படங்களில் இருந்த ஒரு வெள்ளைப்பூவை மட்டும் அவர் விடவில்லை. அது பார்த்தீனியம். ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். தோல் அரிப்பும் மூச்சுத் தொல்லையும் தரும். கையுறை போட்டுக்கொண்டு, பூக்காத செடிகளை ஈர மண்ணிலிருந்து வேரோடு பிடுங்கினார். வேறு எதையும் தொடவில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் இப்படி அனுப்பிப் பாருங்கள். கேள்வி-பதில் பகுதிக்குப் படம் அனுப்புவோரும் இதைக் கவனிக்கலாம். பூவை மட்டும் எடுத்தால் செடியைச் சொல்வது கடினம். முழுச்செடி, இலையின் மேல்புறமும் அடிப்புறமும், பூ, காய் என்று தனித்தனியாக எடுங்கள். அளவு தெரிய அருகில் ஒரு நாணயம் வையுங்கள். காலை வெயில் ஏறுமுன் எடுத்தால் நிறம் சரியாக விழும். தேதியையும் இடத்தையும் குறித்து வையுங்கள். பெயர் உறுதியாகும்வரை எந்தச் செடியையும் மருந்தாக உண்ணவும் வேண்டாம், களையென்று கொல்லவும் வேண்டாம்.