விரல் போகாத இடம்

"அண்ணா, டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவுல ஒரு விரல்கூடப் போகக் கூடாதுங்ணா."

நிசான் 370இசட் வண்டியைப் பட்டறை வாசலில் இறக்கியதும் அந்தத் தம்பி சொன்ன முதல் வார்த்தை அதுதான். நான்கு பக்கமும் அகல ஃபெண்டர் வைத்து, வெளியே தள்ளிய வீல் போட்டு, தோள் விரித்து நிற்கும் வண்டி. பின்சீட்டே இல்லாத அந்த வண்டியின் பின்கதவைத் திறந்தால் காயிலோவர் பெட்டி இருந்தது. புதுசு. இன்னும் உறை பிரிக்கவில்லை.

"விரல் போகாத எடத்துல டயரு எப்படிங் தம்பி போகும்?" என்று கேட்டேன். நின்றுகொண்டிருக்கும் வண்டிக்குத்தான் அந்தச் சந்து வெறும் சந்து. ஓடும் வண்டிக்கு அது சக்கரம் ஏறி இறங்கும் பாதை. இருபது வருஷமாக இந்த வேலையில் நான் திரும்பத் திரும்பச் சொல்லிவருவது இதைத்தான்: உயரத்தில் எவ்வளவு எடுக்கிறோமோ, அது சக்கரத்தின் ஏற்ற இறக்கத்திலிருந்து எடுக்கப்படுகிறது.

அவிநாசியில் என் பட்டறைக்கு ஒரு பக்கம் நிட்டிங் கம்பெனி, மறுபக்கம் பனியன் வேஸ்ட் குடோன். அப்பா நிட்டிங் மெஷின் ஃபிட்டர். புது மெஷின் இறக்கினால் ஊசியையும் நூலையும் தொடுவதற்கு முன்னால் மட்டம் வைத்துத் தரையைத்தான் பார்ப்பார். மெஷின் சாய்ந்து நின்றால் துணியில் கோடு விழும், கோடு விழுந்த பிறகு கேமைத் திருகிப் புண்ணியம் இல்லை என்பார். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, துணி கொஞ்சம் இறங்கட்டும், பார், பிறகு அடுத்ததைத் தொடு. நான் கார் பக்கம் போனபோது அவருக்கு வருத்தம்தான். ஆனால் எனக்கு இந்தத் தொழிலில் முதல் பாடம் சொன்னவர் அவரே.

வேலையை எடுப்பதற்கு முன் ஒரு நிபந்தனை வைத்தேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழ் விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதனால் இந்த வண்டி ரோட்டில் ஓடக் கூடாது. கேரியரில் ஏற்றி டிராக்குக்குப் போக வேண்டும், கேரியரிலேயே திரும்ப வேண்டும். தம்பி ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்ளாமல் இருந்திருந்தால் பெட்டியை உறையோடு திருப்பித் தந்திருப்பேன்.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் பழைய தப்பு ஒன்று. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு காரை இப்படித்தான் இறக்கினேன். ஸ்பிரிங் உட்காரும் வளையத்தைக் கீழே கீழே திருகினேன். வண்டி அழகாக உட்கார்ந்தது. சாலைப் பொறியாளர்களின் வழிகாட்டி அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலத்தில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு மெதுவாக ஏறி இறங்க வேண்டும். நம் ஊர்த் தெருக்களில் யார் அப்படிப் போடுகிறார்கள்? நான்கு பேர் ஏறிய வண்டி ஒரு தடையில் இறங்கியபோது ஃபெண்டரின் உள் விளிம்பு டயர் தோளைக் கத்திபோல் கீறிவிட்டது. மெதுவாகப் போனதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த டயரின் கிழிந்த துண்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

காயிலோவர் என்பது டாம்பரைச் சுற்றி ஸ்பிரிங் போட்ட ஒரே தொகுதி. உடம்பு முழுக்கத் திருகு மரை. இதில் இரண்டு வகை. மலிவானதில் உயரத்தை மாற்ற ஒரே வழி ஸ்பிரிங் வளையத்தைத் திருகுவது. இறக்க இறக்க, சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தளர்ந்து கடகடக்கும். டாம்பர் தண்டும் முக்கால்வாசி உள்ளே போய், அடியில் முட்டாமல் தடுக்கும் தாங்கு ரப்பரின் மேல் உட்கார்ந்துவிடும். நல்லதில் கீழ்க் கிண்ணம் தனியாகத் திரும்பும். ஸ்பிரிங்கைத் தொடாமல் மொத்த நீளத்தையே குறைக்கலாம். தண்டின் ஓட்டம் அப்படியே இருக்கும். தம்பி வாங்கியிருந்தது இரண்டாவது வகை. எனக்குப் பாதி நிம்மதி.

பாதிதான், ஏனென்றால் இந்த வண்டிக்குப் பின்பக்கம் ஸ்பிரிங் ஓரிடம், டாம்பர் வேறிடம். உயரத்தை ஸ்பிரிங் தீர்மானிக்கும். டாம்பர் நீளத்தை நாம் பார்த்து அதற்கு ஒத்து வைக்க வேண்டும். ஒன்றைக் குறைத்து மற்றதை மறந்தால் டாம்பர் அடியில் முட்டும், இல்லையென்றால் ஸ்பிரிங் கிண்ணத்திலிருந்து நழுவும்.

முதல் நாள் ஸ்பிரிங்கே போடவில்லை. வெறும் டாம்பரை மாட்டி, வீலைப் பூட்டி, ஜாக்கியால் சக்கரத்தை மட்டும் மெல்ல ஏற்றினேன். தாங்கு ரப்பர் முழுதாக நசுங்கும்வரை. அந்த நிலையில் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்க்க வேண்டும். டயர் எங்கே உரசுகிறது, பிரேக் ஹோஸ் எங்கே இழுபடுகிறது, உள் லைனர் எங்கே மடிகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். ஃபெண்டர் அகலமாகிவிட்டதால் இடம் கிடைத்துவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வெளியே கிடைத்த இடத்தை வெளியே தள்ளிய வீலே எடுத்துக்கொள்கிறது. டயர் தரையைத் தொடும் இடம் வெளியே போனதால் வீல் பேரிங்குக்குப் பாரம் கூடும். பிரேக் பிடித்தால், பள்ளம் விழுந்தால், ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுக்கும். முன் வலது டயர் லைனரில் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு உரசியது. லைனரை அறுக்காமல் சூடு காட்டி உள்ளே தள்ளினேன். தாங்கு ரப்பரை வெட்டச் சொன்னார் தம்பி. அந்த ஒரு வேலையை யார் கேட்டாலும் செய்வதில்லை.

பிறகு கணக்கு. சக்கரம் 10 மில்லிமீட்டர் ஏறும்போது டாம்பர் 7 மில்லிமீட்டர் சுருங்குகிறது என்று வையுங்கள். விகிதம் 0.7. ஸ்பிரிங் 10 கிலோ என்றால், அதாவது 1 மில்லிமீட்டர் நசுங்க 10 கிலோ கேட்டால், சக்கரத்தில் அது 7 ஆகாது. விகிதம் இரண்டு முறை பெருகி 4.9 ஆகும். சக்கரத்தின் மேல் உடற்பாரம் 350 கிலோ என்றால் ஸ்பிரிங்கின் மேல் 500. ஆகவே வண்டி தன் பாரத்திலேயே ஸ்பிரிங்கை 50 மில்லிமீட்டர் நசுக்கும். சக்கரம் பள்ளத்தில் இறங்க அந்த 50 தேவை. மேட்டில் ஏற டாம்பரில் இன்னும் 35 மிச்சம் இருந்தால் சக்கரத்துக்கு 50 கிடைக்கும். மேலேயும் இடம், கீழேயும் இடம். இந்தக் காகிதத்தை எழுதி சுவரில் ஒட்டிய பிறகுதான் ஸ்பேனரை எடுப்பேன்.

1930களில் ஜெனரல் மோட்டார்ஸில் இருந்த மாரிஸ் ஒல்லி, ஒரு காரின் முன்னும் பின்னும் பாரங்களைத் தள்ளித் தள்ளி வைத்து ஓட்டிப் பார்த்தார். மேட்டை முன்சக்கரம் முதலில் ஏறுகிறது, பின்சக்கரம் பிறகு. பின் ஸ்பிரிங் கொஞ்சம் வேகமாக ஆடினால்தான் முன்னைப் பிடித்துச் சேர்ந்து அடங்கும்; இல்லையென்றால் வண்டி தொட்டில்போல் முன்பின் ஆடும் என்று கண்டார். டிராக் வண்டிக்கு இது அப்படியே பொருந்தாது. ஆனால் ரோட்டு வண்டிக்குக் கடினமான ஸ்பிரிங் கேட்டு வருபவர்களிடம் நான் சொல்வது ஒல்லியின் கணக்கைத்தான்.

எடை பார்த்த நாள்தான் எனக்கு மிகவும் பிடித்த நாள். பக்கத்துக் குடோனில் வேஸ்ட் மூட்டை நிறுக்கும் பிளாட்பாரத் தராசு நான்கு, முத்திரை போட்டது, இரவல் வாங்கினேன். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணி டியூபைப் பிடித்து நான்கு தராசின் தலையையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். தாழ்ந்த இடத்தில் டைல்ஸ் துண்டு. தரை 3 மில்லிமீட்டர் தாழ்ந்தால் தராசு காட்டுவது தரையின் கோணலை, வண்டியின் எடையை அல்ல. டயருக்கு அடியில் பனியன் கம்பெனி பாலிதீன் கவர் இரண்டு, நடுவே கிரீஸ். வண்டி இறங்கும்போது சக்கரம் அகன்று உட்காரத் தடை இருக்கக் கூடாது. ஆன்ட்டி ரோல் பாரைக் கழற்றிவிட்டு, தம்பியை ஹெல்மெட்டோடு சீட்டில் உட்காரவைத்தேன்.

முன் இடது 440, முன் வலது 400. பின் இடது 345, பின் வலது 405. மொத்தம் 1,590 கிலோ. மூலைக்கு மூலை கூட்டினேன். முன் வலதும் பின் இடதும் சேர்ந்து 745. மற்ற மூலைகள் 845. நூறு கிலோ வித்தியாசம். கண்ணுக்கு வண்டி நேராகத்தான் நின்றது. ஃபெண்டர் சந்து நான்கும் ஒரே அளவு.

கயிற்றுக் கட்டிலில் ஒரு கால் குட்டை என்றால் என்ன ஆகும்? பாரம் இரண்டு எதிர்மூலைக் கால்களில் ஏறிக்கொள்ளும், மற்ற இரண்டு வெறுமனே தொட்டுக்கொண்டிருக்கும். வண்டியும் அப்படித்தான். இடது வளைவில் ஒரு குணம், வலது வளைவில் வேறு குணம். முன் வலதைக் கால் சுற்று ஏற்று, பின் இடதைக் கால் சுற்று ஏற்று, மற்ற இரண்டையும் அதே அளவு இறக்கு, வண்டியை அமுக்கி விடு, திரும்பப் படி. ஒவ்வொரு தடவையும் தம்பி இறங்கி ஏறினார். இரவு ஒன்பதரைக்கு 415, 425, 370, 380 வந்தது. மூலைக்கு மூலை 795, 795. தம்பி அந்த எண்களைப் போனில் படம் எடுத்தார். அதுவரை அவர் எடுத்த படமெல்லாம் வீலுக்குத்தான்.

சிறு வேலை ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. ஆர்ம் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் புஷ் ரப்பர் முறுக்கிக்கொண்டே வாழும், சீக்கிரம் கிழியும். வண்டி தன் காலில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். அதன் பிறகு நூல். இரண்டு பக்கமும் நைலான் நூல் கட்டி, வீல் நடுவிலிருந்து சம தூரம் வைத்து, இரும்பு ஸ்கேலால் ரிம்மின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் அளப்பது. நூல் பிடித்த மாதிரி என்று நாம் வாயால் சொல்வதைக் கையால் செய்வது. நூல் ஊரில் இருந்துகொண்டு இதற்கு லேசர் வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

டிராக் நாள். செட்டிப்பாளையம் காரி மோட்டார் ஸ்பீட்வே, 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கோவையிலேயே மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் காரைக் கட்டி, ரேஸ் ஓட்ட வந்த பையன்களுக்கு வழி திறந்த எஸ். கரிவர்தனின் பெயர் அதற்கு. 1995இல் விமான விபத்தில் போய்ச் சேர்ந்தார். கையில் இருப்பதை வைத்து அளந்து கட்டும் வழக்கம் இந்தப் பக்கத்துக்கு அவர் மாதிரி ஆட்களால்தான் வந்தது என்று நம்புகிறேன். அந்த வாசலுக்குள் நுழையும்போதெல்லாம் மனசு அவரை நினைக்கும்.

டாம்பர் குமிழை முழுக்க மூடி, அங்கிருந்து எண்ணிக் கொண்டே திறந்து, நடுவில் வைத்திருந்தேன். தண்டு எதுவரை உள்ளே போகிறது என்று பார்க்க, ஒவ்வொன்றிலும் ஒரு கேபிள் டை. முதல் ஐந்து சுற்று முடிந்து வந்தவர், "இன்னும் இறுக்கலாங்களா அண்ணா?" என்றார். நான்கு கிளிக் இறுக்கிக் கொடுத்தேன். சொல்வதைவிட அவரே உணரட்டும். திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது. அடுத்தடுத்த மேடுகளில் வண்டி கீழே கீழே உட்கார்ந்துகொண்டே போகிறது என்றார். சரியாகச் சொன்னார். டாம்பர் திரும்பி நீள்வதற்குள் அடுத்த மேடு வந்துவிடுகிறது. சக்கரம் மடங்கிய காலோடு ஓடுகிறது. ஆறு கிளிக் திறந்தேன்.

மாலையில் வீலைக் கழற்றிப் பார்த்தோம். முன் வலது தண்டில் கேபிள் டை, ரப்பர் நசுங்கும் இடத்துக்கு 8 மில்லிமீட்டர் முன்னால் நின்றிருந்தது. லைனரில் கீறல் இல்லை. தம்பி குனிந்து அந்த 8 மில்லிமீட்டரில் நகத்தை வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து, டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே இரண்டு விரலை விட்டார்.

"ரெண்டு விரல் போகுதுங்ணா."

"போகட்டுங் தம்பி."

ஊர் திரும்பியதும் பிரஷ் எடுத்து மரைகளைச் சுத்தம் செய்தேன். எங்கள் ஊர்க் காற்றில் பஞ்சு பறக்கும். எண்ணெயும் புழுதியும் சேர்ந்தால் மரையில் கம்பளிபோல் படிந்து, அடுத்த மழைக்குள் வளையம் அசையாமல் பிடித்துக்கொள்ளும். நோட்டில் நான்கு எடை, கிளிக் கணக்கு, அந்த 8. தம்பி தராசுகளைக் குடோனுக்குத் தூக்கிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.