வெயில் தாழ்ந்த பிறகு தீவனம்

நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் சித்திரை மாதத்துப் பிற்பகல் கோழிக்கும் ஆளுக்கும் ஒருசேரச் சோதனைக் காலம். நான் போனபோது கூண்டு வரிசை நெடுகக் கோழிகள் அலகைத் திறந்து, இறக்கையை உடம்பில் ஒட்டாமல் தூக்கிப் பிடித்து, மூச்சிரைத்துக்கொண்டிருந்தன.

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. சூட்டை மூச்சு வழியாகத்தான் தள்ளியாக வேண்டும். இரைக்க இரைக்க ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது; முட்டை ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட்டும் அதோடு குறைகிறது. நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் எடுக்கும் முட்டைக்கோழி, வெயில் ஏறிவிட்டால் தண்ணீர்க் குழாயைத்தான் தேடும்.

“மத்தியானம் போட்டா கிளறி எறைக்குமுங்க, திங்காது. வெயில் தாழட்டும்” என்றார் தீவன வண்டி தள்ளுகிறவர்.

அவர் சொல்வதில் இன்னொரு கணக்கும் அடங்கியிருக்கிறது. ஓடு உருவாக ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். அதில் பெரும்பகுதி இரவில்தான். ஓர் ஓட்டுக்கு 2 கிராமுக்குக் குறையாமல் கால்சியம் வேண்டும். குடலில் கிடைக்காவிட்டால் கோழி தன் எலும்பைக் கரைத்துக் கொடுக்கும். சாயங்காலத் தீவனத்தில் கிளிஞ்சலைப் பொடியாக அல்லாமல் துண்டாகவே சேர்ப்பது இதற்காகத்தான். துண்டு இரைப்பையில் தங்கி, இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். பொடியோ சீக்கிரம் கடந்துபோய்விடும்.

பலன் மறுநாள் தெரிகிறது. முட்டை பொறுக்கும் அக்கா, இரண்டு முட்டைகளை லேசாக மோதவிட்டு ஓசை கேட்கிறார். கணீரென்றால் முப்பது குழி அட்டைக்கு. சத்தம் மங்கினால் கீறல், தனிக் கூடைக்கு. அவர் கை ஓடும் வேகத்துக்கு என் கண் ஈடுகொடுக்கவில்லை.

கிடங்கில் ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. மக்காச்சோளம் ஈரத்தோடு வந்து சேர்ந்தால் பூஞ்சை பிடிக்கும். அது சுரக்கும் அஃப்ளாடாக்சின் கல்லீரலைக் கெடுத்து, முட்டையைக் குறைத்து, வெள்ளைக்கழிச்சலுக்குப் போட்ட தடுப்பூசியையும் சரியாக வேலைசெய்ய விடாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கைச் சோதித்த பிறகே இந்த நஞ்சு அடையாளம் காணப்பட்டது. நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே தீவனப் பரிசோதனைக்கூடம் இருக்கிறது. மூட்டைக்குள் கைவிட்டு முகர்ந்து பார்ப்பதோடு நின்றுவிடும் பண்ணையாளர், நஞ்சுக்கு வாசனை இல்லை என்பதை மறந்துவிடுகிறார்.

கொட்டகையைக் கிழக்கு மேற்காக நீட்டிக் கட்டுகிறார்கள். வெயில் நேராகக் கூண்டில் விழாது. கூரைக்கு வெள்ளையடித்து, மேலே தண்ணீர் தெளிக்கிறார்கள். ஆனால் அந்த நீரோ, குழாய்க் கசிவோ கீழே எச்சத்தை நனைத்துவிட்டால் அம்மோனியா கிளம்பும், ஈ மொய்க்கும். கோழியின் கண்ணும் மூச்சுக்குழாயும் புண்ணாகி நோய்க்கு வழிவிடும்.

அதே காற்றைத்தான் வண்டி தள்ளுகிறவரும் அவர் மனைவியும் பொழுதெல்லாம் சுவாசிக்கிறார்கள். கோழிகளின் தடுப்பூசி அட்டவணை அலுவலகச் சுவரில் தேதி வாரியாக ஒட்டியிருந்தது. இவர்கள் இருவரும் மூக்கில் கட்டியிருந்தது துண்டும் முந்தானையும்தான்.