கலாசாலையின் வாசற்படி

மிஷனரிமார் மலாயாவில் பள்ளிக்கூடங்களைப் பரப்பிய அளவுக்குக் கலாசாலைகளைப் பரப்பினார்களில்லை. நமது கெடாவையே எடுத்துக்கொள்வோம். அலோர் ஸ்டாரில் செயின்ட் நிக்கலஸ் கான்வென்ட் உண்டு. கூலிமில் செயின்ட் ஆன் கான்வென்ட் உண்டு. சுங்கை பட்டாணியில் பாதர் பாரே கான்வென்ட் உண்டு. ஆயினும், பள்ளிப் படிப்பு முடிந்தபின் அதே மரபில் மேற்படிப்பை நாடும் மாணாக்கர் மாநிலத்தை விட்டே போகவேண்டும்.

இத்தனைக்கும் தொடக்கம் மிகப் பழையது. மலாக்காவில் ஆங்கிலோ-சீனக் கலாசாலை 1818இல் நிறுவப்பட்டது. 1843இல் அது ஹாங்காங்குக்குப் பெயர்ந்து போயிற்று. நெடுங்காலத்துக்குப் பின் மெதடிஸ்டுத் திருச்சபையார் 1983இல் கோலாலம்பூரிலும், 1991இல் சரவாக்கின் சிபு நகரிலும் கலாசாலை கண்டனர். தனியார் உயர்கல்விக்கென்று ஒரு சட்டம் பிறந்ததே 1996இல்தான். மிஷன் பள்ளிக்குச் சர்க்கார் மானியம் உண்டு. தனியார் கலாசாலையோ, அது சபையுடையதாயினும், பெரிதும் மாணாக்கர் கட்டணத்தைக் கொண்டே நடக்கவேண்டும். இடர்ப்பாட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது.

யான் தோட்டத்துக் கிராணி. ஆங்கிலத்தில் கற்றவன் என்பதால், பிள்ளைகளுக்கு வரும் கடிதங்களைப் பெற்றோர் மாலையில் ஆபீசுக்குக் கொண்டுவருவர். செம்பனைக் குலை வெட்டும் ஒருவர், தம் மகளுக்குத் தனியார் கலாசாலை ஒன்றில் இடம் கிடைத்த கடிதத்தை ஒருநாள் கொணர்ந்தார். கட்டண விவரத்தைத் தமிழில் படித்துச் சொன்னேன். மூன்றாவது வரியிலேயே, "போதுங்க ஐயா" என்று கையமர்த்திவிட்டார். அவருடைய மாதச் சம்பளத்தை என் கையாலேயே பேரேட்டில் எழுதுகிறவன் நான். மேலே என்ன சொல்ல இருக்கிறது? அப்பெண் இன்று ஒரு கடையில் கணக்கெழுதுகிறாள்.

கட்டணம் இன்றிக் கலாசாலை நடவாது என்பர். மெய்தான். ஆனால் கலாசாலை எதற்காக என்னும் கேள்வி அதற்கும் முந்தியது. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனார் 1823இல் செமினரியை ஏற்படுத்தினர். அங்கே கற்றோர் சமய ஊழியத்துக்கு வாராமல் உத்தியோகத்துக்குப் போகின்றனர் என்பது மேலிடத்தின் மனக்குறை. 1855இல் அதை மூடிவிட்டனர். அங்கே படித்த சி. வை. தாமோதரம் பிள்ளை 1857இல் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார்; பிற்காலத்தில் சைவத்தைத் தழுவினார்; 1887இல் கலித்தொகையை அச்சேற்றித் தந்தார். சபையின் கணக்கில் அது நட்டமாக இருக்கலாம். தமிழின் கணக்கில் அதைவிடப் பெரிய வரவு எது? ஊராரும் வாளாவிருக்கவில்லை, அவர்கள் முயற்சியின் பயனாக 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது.

ஆகவே, கலாசாலையின் பெயரில் சமயம் இருப்பதும் இல்லாததும் பெரிதன்று. அதன் வாசற்படி எவ்வளவு உயரம் என்பதே பெரிது. ஏழைக்கு எட்டாத கலாசாலையில் எத்தனை ஜெபம் நடந்தாலும் அது தர்மமாகாது. ஏழைக்கு எட்டுவதாயின், சிலுவை பொறித்த வாசலாயினும் சைவப் பிள்ளை அதற்குள் தலைநிமிர்ந்து நுழையலாம்.

கட்டடம் எழுப்புவது நம்மவர்க்கு அரிதன்று. பீடோங் பக்கம் செமிலிங்கில், 2001இல் தோன்றிய எய்ம்ஸ்ட் சர்வகலாசாலை அதற்குச் சான்று. இனி வேண்டுவது படியைத் தாழ்த்துதல். ஒவ்வொரு திருச்சபையும், ஒவ்வொரு கோயிலும், ஒவ்வொரு சங்கமும் ஒரேயொரு தோட்டத்துப் பிள்ளையின் படிப்புச் செலவை, மதமும் சாதியும் வினவாமல், பட்டம் பெறும் வரை ஏற்கட்டும். திருவிழாச் செலவில் ஒரு பங்கு போதும். வாணம் ஓர் இரவில் எரிந்து சாம்பலாகும். படித்த ஒரு பெண்ணோ ஒரு லயத்தையே கைதூக்கி விடுவாள்.