குதிரைகள் இறங்கிய துறை

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்குச் செல்லும் வாய்ப்புக் கிடைத்தால், பழையகாயலில் சற்றே இறங்கி நில்லுங்கள். உப்பளங்களையும் உடைமரங்களையும் தவிர அங்கே காண்பதற்கு ஒன்றுமில்லை என்றே முதலில் தோன்றும். தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் துறையைத் தூர்த்துவிட, கடல் விலகிப் போயிற்று. ஆயினும் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஹுர்முஸ், கைஸ், ஏடன் ஆகிய துறைகளிலிருந்து குதிரைகளை ஏற்றிவந்த மரக்கலங்கள் நங்கூரமிட்ட காயல் துறை இதுவே என்பது கால்டுவெல் போன்ற அறிஞர்களின் முடிபு.

நானும் அங்கே நின்றேன். நம் முன்னோரின் வாணிபப் பெருமையை எண்ணி நெஞ்சம் நிமிர்ந்தது. கைஸ் தீவின் அதிபர் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளைத் தம் பங்காக மட்டும் பாண்டிய நாட்டுக்கு அனுப்ப உடன்பட்டிருந்தார் என்றும், ஒரு குதிரையின் விலை 220 பொற்காசு என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். கடல்வழியில் இறந்த குதிரைக்கும் பாண்டியர் விலை கொடுத்தனராம்!

ஆனால், அதே வாணிபத்தைப் பற்றி மார்க்கோ போலோ எழுதிவைத்த செய்தி அந்தப் பெருமிதத்தைச் சுடுகிறது. மன்னர் ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறார். ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை. காரணம், லாடம் கட்டவும் குதிரைக்கு மருத்துவம் செய்யவும் தெரிந்தவர் இந்நாட்டில் இல்லை. வணிகர்களோ அத்தகையோரை இங்கே வரவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். குதிரை மடிந்தால்தானே மறு ஆண்டும் விற்க முடியும்!

இது ஒரு பயணியின் கூற்றுத்தான். எனினும், குதிரைகள் இங்கே எவ்வாறு நடத்தப்பட்டன என்பதை வஸ்ஸாஃபும் வருந்தி எழுதுகிறார். கொழுக்கட்டும் என்று நாற்பது நாள் கயிற்றாலும் முளையாலும் கட்டிவைத்து, பின்னர் பழக்காமலேயே முரட்டுத்தனமாக ஓட்டினராம். வலிமை மிக்க குதிரைகளும் விரைவில் சோர்ந்து பயனற்றுப் போயின என்கிறார்.

இதன் கொடுமையை உணரக் குளம்பைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். குளம்பின் சுவர் நம் நகத்தைப் போன்ற பொருளால் ஆனது. மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. ஆறு முதல் எட்டு வாரத்திற்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, செதுக்கி, அரத்தால் சீர்செய்து மீண்டும் கட்ட வேண்டும். ஆணி உணர்ச்சியற்ற புறச்சுவரிலேயே இறங்க வேண்டும். இம்மியளவு உட்சென்றாலும் குதிரை நொண்டும். நடக்கும்போது குளம்பு தரையில் பதிந்து எழுவதே அதன் இரத்த ஓட்டத்திற்குத் துணை. தானியத்தை மிகுதியாகத் தின்ற குதிரைக்குச் சில வேளை குளம்பின் உள்ளே அழற்சி உண்டாகிறது. சுவரையும் உள்ளெலும்பையும் பிணைக்கும் மென்மையான இழைகள் தளர்ந்து, எலும்பு கீழ்நோக்கிச் சரிகிறது. அந்த வேதனையில் குதிரை நிற்கவும் இயலாமல் படுத்துவிடும். அன்று மடிந்தவை அனைத்தும் இந்நோயால் மடிந்தன என்று நான் சொல்லவில்லை. வெப்பமும் ஒவ்வாத உணவும் சேர்ந்திருக்கலாம். ஆனால் நாற்பது நாள் கட்டிவைத்துக் கொழுக்க வைப்பது குளம்பைக் கெடுக்கும் வழி என்பதில் ஐயமில்லை.

இன்று இதற்கு மருத்துவம் உண்டு. தொடக்கத்திலேயே குளம்புகளைப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்தி வைப்பர். தானியத்தை நிறுத்தி, மெத்தென்ற மணலில் நிறுத்துவர். பின்னர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்து, கால்நடை மருத்துவரும் லாடக்காரரும் கலந்து பேசி, குளம்பின் நீண்ட முனையைக் குறைத்து, பின்புறம் மூடிய தனி லாடத்தைப் பொருத்துவர். பாரம் புண்பட்ட சுவரை விட்டு, அடியிலுள்ள முக்கோண மெத்தைக்கு மாறும்.

அரபு மொழியில் குதிரை மருத்துவரையும் லாடம் கட்டுபவரையும் ‘பைத்தார்’ என்பர். ஸ்பெயினில் பிறந்து 1248இல் டமாஸ்கஸில் மறைந்த மூலிகை மேதை இப்னு பைத்தாரின் பெயருக்கே ‘பைத்தாரின் மைந்தர்’ என்பதுதான் பொருள். இத்தகைய கலையைப் பேணி வளர்த்த சமுதாயத்தில், குதிரையை விற்றுவிட்டு அறிவை மறைத்தோரும் இருந்தனர் என்றால், பெருமையைப் போலவே அந்தக் குறையையும் நாம் ஏற்கத்தான் வேண்டும். வாயில்லாப் பிராணிகளின் விஷயத்தில் இறைவனுக்கு அஞ்சுங்கள் என்று மத்ரஸாவில் பாடம் நடத்தும் எனக்கு, அந்த உப்பளக் கரையில் அந்தப் பாடம் புதிதாகக் கேட்டது.

அடுத்த முறை மெரினாவிலோ உதகையிலோ உங்கள் குழந்தை குதிரையேற ஆசைப்பட்டால், முதலில் அதன் கால்களைப் பாருங்கள். குளம்பு பிளந்திருக்கிறதா? முனை நீண்டு வளைந்திருக்கிறதா? துர்நாற்றம் வீசுகிறதா? ஒரு காலை ஊன்றத் தயங்குகிறதா? அப்படியாயின் ஏற்றாதீர்கள். குதிரைக்காரரிடம் காரணத்தைக் கனிவோடு சொல்லி, கால்நடை மருத்துவமனைக்கு வழிகாட்டுங்கள். அவரும் அதை நம்பியே பிழைப்பவர். காயல் துறையில் மறைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் அந்த அறிவை, நாமேனும் மறைக்காமல் எடுத்துச் சொல்வோமாக!